கொல்லைக்குப் போகும் மின்சாரம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய ஊர்களில் தோல் வியாபாரத்தால் செழித்த குடும்பத்தார் கட்டியிருக்கும் பெரிய வீடுகளைக் கவனித்தவர்களுக்கு, அவற்றில் பலவற்றிற்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு என்பது தெரிந்திருக்கும். தெருவைப் பார்த்த முகப்பில் வீடு. அதன் பின்புறம் நாற்பது ஐம்பது அடி வெற்றிடம். அதற்கப்பால் தனியே நிற்கும் கார் ஷெட்டு. ஷெட்டுக்கும் பின்னால் ஒரு கிணறு, சில தென்னைகள், இரண்டொரு மாமரம், வீட்டுப் பெண்மக்கள் ஆசையோடு வளர்க்கும் மல்லிகைப் பந்தல். வண்டி நிற்கும் இடம் வீட்டோடு ஒட்டாமல் தள்ளி நிற்பதற்குக் காரணம், மோட்டார் வருவதற்கு முன்னால் அங்கே குதிரையும் ஜட்காவும் இருந்தன என்பதே. லாயத்தின் நாற்றமும் ஈயும் வீட்டை அண்டலாகாது என்று முன்னோர் விட்ட அந்த இடைவெளி, குதிரை போய்க் கார் வந்த பிற்பாடும் அப்படியே நிலைத்துவிட்டது. வேலூர்ப் பக்கத்துப் பழைய பங்களாக்களிலும் இதே சம்பிரதாயத்தைப் பார்க்கலாம்.

இத்தகைய வீடுகளுக்கு மின்சார வேலை செய்துகொடுப்பதுதான் என் ஜீவனம். எழுபதுகளின் தொடக்கத்தில், தேக்குச் சட்டத்தின்மீது கம்பிகளை வரிசையாகப் பதித்து, நாலங்குலத்துக்கு ஒரு தகரக் கிளிப்பை மடக்கிக்கொண்டே போகும் பேட்டன் ஒயரிங் காலத்தில், ஆம்பூரில் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தேன். பிறகு வயர்மேனுக்குரிய 'பி' லைசென்ஸும், காலக்கிரமத்தில் கான்ட்ராக்டர் லைசென்ஸும் பெற்று, பாலாற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்களில் வேலை பார்த்துவருகிறேன். இத்தனை காலத்து அனுபவத்தில் எனக்கு உறுதியாகப் புலப்பட்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. வீட்டுக்குள் செய்கிற வேலையில், உடையவரும் வேலைக்காரரும் எவ்வளவோ சிரத்தை காட்டுகிறார்கள். சுவிட்ச் எந்த நிறம், விசிறி எந்தக் கம்பெனி என்பது வரையில் யோசிக்கிறார்கள். ஆனால் வீட்டைத் தாண்டி ஷெட்டுக்கும் தோட்டத்துக்கும் போகிற லைன் என்று வந்துவிட்டால், அதை வேலையாகவே யாரும் மதிப்பதில்லை. நான் பார்க்க நேர்ந்த விபத்துக்களில் மிகப் பெரும்பாலானவை அந்த மதிக்கப்படாத லைனில்தான் நேர்ந்தன.

வீட்டு வேலை முடிந்து, ஏணியை மடக்கிச் சாமான்களைச் சாக்கில் கட்டுகிற நேரத்தில்தான் அந்தப் பேச்சே எழும்.

"மேஸ்திரி, வூட்டு வேலைதான் முடிஞ்சுதே, அப்படியே ஷெட்டுக்கு ஒரு ஒயரை இழுத்து உட்டுடுங்க. மிஞ்சின துண்டு கிடக்குமே."

"துண்டுல ஆகாதுங்க பாய். அதுக்குத் தனிக் கணக்குப் போடணும்."

"ஒரு லைட்டுக்கு இன்னா கணக்கு?"

ஒரு லைட்டோடு அது நிற்பதில்லை என்பதே தொழிலில் உள்ளவர்கள் அறிந்த உண்மை. இன்று லைட்டு, அடுத்த வருஷம் கார் கழுவ ஒரு பம்பு, அதற்கடுத்த வருஷம் டிரைவர் தங்குவதற்கு விசிறி, மகள் கல்யாணம் வந்தால் தோட்டம் முழுவதும் சீரியல் செட்டு. சமையலறைப் பிளக்கிலிருந்து கிளம்பிய மெல்லிய ஒயர் இவ்வளவையும் சுமக்க வேண்டியதாகிறது.

அக்காலத்தில் ஷெட்டுக்குப் போகிற லைன் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஆகாயமார்க்கமாகவே போயிற்று. இந்தச் சுவரில் ஒரு கொக்கி, அந்தச் சுவரில் ஒரு கொக்கி, நடுவே இழுத்துக் கட்டிய ஜி.ஐ. கம்பி, அதன்மீது சுற்றியும் கட்டியும் கொண்டுபோன சர்வீஸ் ஒயர். முதல் இரண்டு மூன்று வருஷம் இதற்கு ஒரு குறையும் வராது. ஆனால் வேலூர் ஜில்லாவின் வெயில் நாம் அறிந்ததே. சித்திரை வைகாசியில் நூற்றுப் பத்து டிகிரியைத் தொடுகிற வெயிலில் நாள் முழுதும் காய்கிற பி.வி.சி. உறை, மெல்ல மெல்ல நிறம் மங்கி, இறுகி, வெடிப்பு விடுகிறது. காற்றில் ஒயர் அசையும்போதெல்லாம் அந்த வெடிப்பு, தாங்கி நிற்கும் இரும்புக் கம்பியின்மீது உராய்கிறது. ஒரு நாள் உறை அறுந்து செம்பு இரும்பைத் தொடும்போது, விளக்கு அணைவதில்லை, ஃப்யூஸ் போவதில்லை, வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. சுவருக்குச் சுவர் கட்டிய அந்த வெறும் கம்பியில் மட்டும் 230 வோல்ட் வந்து நிற்கிறது. அந்தக் கம்பியிலேயே, அல்லது அதன் கொக்கியிலிருந்து பிரித்துக் கட்டிய வேறொரு கம்பியிலேயே, வீட்டுப் பெண்கள் ஈரத் துணியை உலர்த்துகிறார்கள். கொடிக்கம்பியில் மின்சாரம் பாய்ந்து தாயும், அவளைக் காப்பாற்றப் போன மகளும் மாண்டதாக மழைக்காலந்தோறும் பத்திரிகைகளில் நாம் வாசிக்கிற செய்திகளில் பலவற்றின் பின்னால் இருப்பது இவ்வளவுதான். ஈரத் துணி, வெறுங்கால், நனைந்த தரை, இரும்புக் கம்பி, ஐந்து வருஷ வெயில்.

இதனினும் கொடிய வழக்கம் ஒன்றும் உண்டு. ஷெட்டு தூரமாக இருந்தால் இரண்டு ஒயர் இழுக்கச் செலவாகும் என்று, ஃபேஸ் ஒயரை மட்டும் இழுத்துக்கொண்டு போய், திரும்புகாலுக்கு ஷெட்டின் பக்கத்தில் ஓர் இரும்புக் குழாயைத் தரையில் அடித்து அதில் கட்டிவிடுவார்கள். விளக்கு எரியும், மங்கலாக எரிந்தாலும் எரியும். விளக்கின் மின்னோட்டம் முழுவதும் அந்தக் குழாய் வழியே மண்ணில் இறங்குகிறது என்பதையும், குழாயின் கட்டு தளர்ந்தால் ஒயரின் அந்த முனையும், மண் காய்ந்தால் குழாயுமே ஃபேஸ் ஆகிவிடும் என்பதையும், அதன் அருகில் வெறுங்காலோடு நடப்பவருக்கு இரண்டு காலடிகளுக்கு இடையிலேயே வோல்டேஜ் உண்டாகும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தோப்புக்களில் இன்றும் இதைக் காண்கிறேன். கண்ட இடத்தில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கூலி கிடைக்காமற்போனாலும் சரியே.

எர்த் என்பதை நம் மக்கள் எவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்கு, பேரணாம்பட்டுச் சாலையிலுள்ள ஒரு தோட்டத்தில் நேர்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் வீட்டு வாசலிலிருந்து கிணற்றடி வரையில் பாதையோரமாக இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் கண்ணாடிக் குண்டு விளக்கு வைத்திருந்தார்கள். வேலை செய்தவர் வேறு யாரோ. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், மேய்ந்துகொண்டிருந்த கறவைப்பசு ஒன்று ஒரு கம்பத்தின் அருகே போனதும் கால் மடங்கி விழுந்து மாண்டது. பாம்பு கடித்திருக்கும் என்று எண்ணினார்கள். மாட்டை இழுக்கப் போன ஆளுக்குக் கையில் 'சுரீர்' என்றதும்தான் எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

மெயினை அணைத்துவிட்டு அந்தக் கம்பத்தைப் பிரித்துப் பார்த்தேன். அடியிலிருந்து ஓர் அடி உயரத்தில், ஒயர் உள்ளே நுழைவதற்காகக் குழாயில் துளையிட்டிருந்தார்கள். துளையின் விளிம்பு அராவப்படாமல் பிசிராகவே இருந்தது. ரப்பர் புஷ் போடவில்லை. காற்றில் கம்பம் ஆடியாடி அந்தப் பிசிர் ஒயரின் உறையை அறுத்திருந்தது. கடுகளவு செம்பு தெரிந்தது. இவ்வளவே பழுது. வீட்டுக்காரர் கேட்ட கேள்வி மிகவும் நியாயமானது: "கம்பம்தான் மூணு அடி பூமியில புதைஞ்சிருக்கே மேஸ்திரி, அதுவே எர்த்து இல்லியா? ஃப்யூஸ் ஏன் போவல?"

இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. நம் பக்கத்துக் கற்பாங்கான செம்மண்ணில் அப்படிப் புதைந்த கம்பத்தின் எர்த் தடை ஐம்பது ஓம் இருந்தால் ஆச்சரியமில்லை. 230 வோல்ட்டை ஐம்பதால் வகுத்தால் நாலரை ஆம்பியர் சொச்சம். அந்த லைனின் தலைமாட்டில் இருந்ததோ 15 ஆம்பியர் ஃப்யூஸ். நாலரை ஆம்பியரை அது ஆயுள் முழுதும் சுமந்துகொண்டிருக்குமேயன்றி உருகாது. அப்படிப்பட்ட ஃப்யூஸ் சட்டென்று உருக வேண்டுமானால் முப்பது ஆம்பியருக்குக் குறையாமல் ஓட வேண்டும். அதற்கு எர்த் தடை எட்டு ஓமுக்குள் இருக்க வேண்டும். வெறுங்கம்பத்தைப் புதைத்து எட்டு ஓம் பெறுவது நம் மண்ணில் நடவாத காரியம். ஆகவே கம்பம் மணிக்கணக்கில் மின்சாரத்தை மண்ணுக்குள் ஊற்றிக்கொண்டே நின்றது. அதைச் சுற்றிய நனைந்த தரையில் அடிக்கு அடி வோல்டேஜ் வேறுபட்டது. மனிதனுடைய காலடியைவிட மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தூரம் அதிகம்; அந்த இரண்டுக்கும் நடுவே இருதயம். ஆகவேதான் மனிதர் கடந்துபோன இடத்தில் பசு விழுந்தது. மறுநாள் அந்தப் பாதையில் விளையாட வேண்டிய குழந்தைகள் மூன்று பேர் அந்த வீட்டில் இருந்தார்கள்.

அந்த நாளிலிருந்து, ஷெட்டுக்கோ தோட்டத்துக்கோ லைன் கொடுக்கும்போது, மின்கசிவு கண்டு அணைக்கும் கருவி இல்லாமல் நான் வேலையை ஒப்புக்கொள்வதில்லை. ஆர்.சி.சி.பி. என்று அச்சிட்டு விற்கிறார்கள். கடைத்தெருவில் இன்னும் ஈ.எல்.சி.பி. என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதன் தத்துவம் மிக எளியது. ஃபேஸில் போகிற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருக்கும் வரை அது சும்மா இருக்கும். போனது திரும்பவில்லையானால், அது வேறெங்கோ மண்ணிலோ மனித சரீரத்திலோ இறங்குகிறது என்று பொருள். அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் இரண்டு கம்பிகளையும் துண்டித்துவிடும். முன் சொன்ன கம்பத்தில் ஓடிய நாலரை ஆம்பியர் இந்த அளவைப்போல் நூற்றைம்பது மடங்கு. இக்கருவியை, மழைக்காலத்தில் அடிக்கடி விழுந்துவிடுகிறது என்று சொல்லிக் கழற்றி நேராக இணைத்துவிடுகிற வயர்மேன்கள் இருக்கிறார்கள். அது விழுவது அதன் பிழையன்று. எங்கோ கசிவு இருக்கிறது, தேடு என்று அது சொல்லுகிறது. தேடாமல் அதன் வாயை அடைப்பவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கற்றவன் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கருவி இருக்கிறதே என்று எர்த்தை அலட்சியம் செய்வதும் தகாது. இந்தப் பிரதேசத்து மண்ணைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு மாறுகிற மண் இது. பாலாற்றங்கரை வீடுகளில் ஆழ மணல். நீர் வடிந்த மணல் மின்சாரத்தைக் கடத்துவதேயில்லை என்று சொல்லலாம். மலையடிவாரத்தில் நாலடி தோண்டினால் பாறை. இவ்விரண்டிலும் எர்த் அளவு கேட்பவர் மனம் சோர்ந்துபோகும். ஆனால் தோல் பதனிடுகிற ஷாப்புக்களின் கழிவுநீர் பாய்ந்த இடங்களில் நிலைமை நேர்மாறு. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வருகிறது. அதை ஊறவைத்துக் கழுவுகிற நீரில் அந்த உப்பு முழுவதும் இறங்குகிறது. பல தலைமுறையாக அந்த நீர் நிலத்திலும் கிணற்றிலும் சேர்ந்து, குடிநீரையும் விளைநிலத்தையும் கெடுத்தது. இது சம்பந்தமாக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி, நீதிபதி குல்தீப் சிங் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, மாசு செய்தவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்ததை நாடறியும். பயிருக்குப் பகையான அந்த உப்பு மண், மின்சாரத்தை மட்டும் தாராளமாகக் கடத்துகிறது. அங்கே குழாயை இறக்கி எர்த் மெக்கரை வைத்தால் இரண்டு ஓம், மூன்று ஓம் என்று காட்டும். வேலைக்காரன் சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்விடுவான். நாலைந்து வருஷம் கழித்து அதே குழாயை வெளியே இழுத்துப் பார்த்தால், மேல் இரண்டடி மட்டும் குழாயாக இருக்கும். அதற்குக் கீழே துத்தநாகமும் போய் இரும்பும் போய், துரு மட்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அளவு நன்றாக வந்த இடத்தில்தான் ஆயுள் குறைவு. ஆகவே அத்தகைய மனைகளில் ஜி.ஐ. குழாயை நம்பாமல் செம்புத் தகடு போடச் சொல்வேன். வருஷத்துக்கொரு முறை அளந்து தேதியோடு ஷெட்டுச் சுவரில் பெயிண்டால் எழுதியும் வைப்பேன்.

மற்ற இடங்களில் குழாய் எர்த் போதும். எர்த்துக்கான இந்தியத் தரவிதி 3043 முதன்முதல் 1966-ல் வந்தது. நாற்பது மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய், இரண்டரை மீட்டர் நீளம் என்பது அதில் கண்ட அளவே. பள்ளத்தில் குழாயை நிறுத்தி, சுற்றிலும் ஓர் அடுக்கு அடுப்புக்கரியும் ஓர் அடுக்கு உப்புமாக நிரப்பி, மேலே புனல் வைத்துச் சிறு தொட்டி கட்டி மூடியிட வேண்டும். உப்புக்குச் செலவு எதற்கு என்று, தோலிலிருந்து உதறிய கழிவு உப்பைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டுவோர் இங்கே உண்டு. கிணறு இருக்கிற தோட்டத்தில் அதை நான் சேர்க்க விடுவதில்லை. கோடையில் வாரத்துக்கொரு குடம் ஜலம் அந்தப் புனலில் ஊற்ற வேண்டும். கார்த்திகையில் அளந்த தடை சித்திரையில் இரண்டு மூன்று மடங்காக ஏறுவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். வீட்டில் எர்த் இருந்தாலும் ஷெட்டுக்கென்று தனியே ஒன்று வேண்டும். இரண்டையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்துவிடவும் வேண்டும். ஆனால் ஷெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கிவிடலாகாது. அப்படி முறுக்கினால் கசிவுக் கருவி காரணமின்றி விழும். வீட்டிலிருந்து வருகிற நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால், ஷெட்டிலுள்ள இரும்புச் சாமான் அத்தனையிலும் மின்சாரம் ஏறும்.

ஆகாயமார்க்கம் வேண்டாமென்றால் பூமிமார்க்கமே வழி. அதற்குச் சாதாரண ஒயரைப் பி.வி.சி. குழாயில் போட்டு அரையடி ஆழத்தில் புதைப்பது வேலையாகாது. மண்வெட்டி அதை இரண்டாக்கும், பெருச்சாளி கடிக்கும், கறையான் அரிக்கும். இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள்தான் இதற்குரியது. இரண்டரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அடியில் மூன்றங்குலம் சலித்த மணல் பரப்பி, கேபிளை இறுக்கமின்றி லேசான வளைவோடு படுக்கவைத்து, மேலும் மூன்றங்குலம் மணல் போட்டு, அதன்மேல் குறுக்காகச் செங்கல் அடுக்கிய பிறகே மண் தள்ள வேண்டும். செங்கல் எதற்கென்றால், பின்னாளில் தென்னங்கன்று வைக்கக் குழி பறிப்பவனுடைய கடப்பாரை முதலில் செங்கல்லில் மோதி, கீழே ஏதோ இருக்கிறது என்று அவனை எச்சரிப்பதற்காக. நான் புதைத்த லைன் ஒன்று, பத்து வருஷம் கழித்துக் கிணற்றுக்குப் பைப் வெட்டியவர்களின் கடப்பாரையிலிருந்து இவ்விதமே தப்பியது. உடைந்த செங்கல்லை அந்த வீட்டுக்காரர் எனக்கு எடுத்துக் காட்டினார்.

கேபிளின் முனையை மெயின் பெட்டிக்குள் கொண்டுசேர்ப்பது தனிக் கைவேலை. வெளியுறையை அளந்து வட்டமாகக் கீறி உரித்தால், பளபளவென்று கவசக் கம்பிகள் தெரியும். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் கோர்களை மட்டும் பெட்டியில் நுழைப்பது அவசரக்காரர் வழக்கம். அவ்விதம் செய்தால் கவசம் எர்த்தாகாமல் வெறுமே மண்ணில் கிடக்கும். கேபிளுக்குள் எங்கேனும் ஃபேஸ் கவசத்தைத் தொட்டால் அந்த அபாயம் நீளமெங்கும் பரவும். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பின்னுக்கு மடக்கி, கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கிற கிளாண்டின் பித்தளைக் கூம்பின்மேல் சுற்றிலும் சீராகப் படியவைத்து, அதன்மேல் வளையத்தைத் திருகி இறுக்க வேண்டும். இரண்டு முனையிலும் இப்படி இறுக்கி எர்த்தோடு இணைத்தபின் கையால் இழுத்துப் பார்த்தால், மயிரிழை அசையக் கூடாது. பிறகு 500 வோல்ட் மெக்கரைச் சுழற்றி, கோருக்கும் கோருக்கும், கோருக்கும் கவசத்துக்கும் உள்ள இன்சுலேஷனைப் பரிசோதிக்க வேண்டும். புதிய கேபிளில் முள் முடிவிலி வரை போய் நிற்கும். பழைய லைனில் ஒரு மெக் ஓமுக்குக் கீழே இறங்கினால் அதில் சப்ளை கொடுக்கலாகாது.

இனிக் கம்பியின் கனம். 1957 ஜூலை முதல் தேதி மின்சார வாரியம் ஏற்பட்ட பிற்பாடு, நம் ஜில்லாவில் கவலை ஏற்றமும் ஆயில் எஞ்சினும் மறைந்து கிணறுகளில் மோட்டார் வேகமாகப் பரவிற்று. வீட்டுத் தோட்டத்துக் கிணற்றிலும் ஒரு குதிரைசக்தி மோட்டார் வந்து உட்கார்ந்தது. வாய்க்கால் நீள நீளக் கடைமடைக்கு வருகிற நீர் குறைவதுபோல, ஒயர் நீள நீள மறுமுனையில் வோல்டேஜ் குறைகிறது. மெயினிலிருந்து கிணறு அறுபது மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகவரக் கம்பி நூற்றிருபது மீட்டர். இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பானால் அதன் தடை ஏறத்தாழ 0.84 ஓம். மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர்தான். ஆறு வோல்ட் நஷ்டம், பாதகமில்லை. ஆனால் கிளம்புகிற அந்தச் சில வினாடிகளில் அது நாற்பது ஆம்பியர் வரை இழுக்கும். அப்பொழுது முப்பத்துமூன்று வோல்ட் ஒயரிலேயே போய்விடும். தோல் ஷாப்புக்களின் டிரம் மோட்டார்கள் ஓடுகிற வேளையில் தெரு லைனே இருநூறுக்கு இறங்கியிருந்தால், மோட்டாருக்குக் கிடைப்பது நூற்றறுபத்தேழு. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தை அனுசரித்துக் குறைவதால், அது கிளம்ப மாட்டாமல் 'உம்' என்று உறுமிக்கொண்டே நின்று சூடேறிக் கருகும். மோட்டார் மட்டம் என்று கடைக்காரனைத் திட்டுவார்கள். ஆறு சதுர மில்லிமீட்டர் செம்போ, பத்து சதுர மில்லிமீட்டர் அலுமினியமோ போட்டிருந்தால் கிளம்பும்போது நஷ்டம் பதினாலு வோல்ட்டோடு நின்றிருக்கும். மோட்டாரைத் திரும்பத் திரும்பச் சுற்றக் கொடுக்கிற பணத்தில் நல்ல கேபிளே வாங்கலாம்.

இப்பொழுது ஷெட்டுக்குப் புதிய பாரம் ஒன்று வந்திருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. மின்சாரக் காரும் நம் தெருக்களில் ஓடத் தொடங்கிவிட்டது. காரை 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். அதுவும் இஸ்திரிப் பெட்டியைப்போல் பத்து நிமிஷமன்று, இரவு முழுவதும். பழைய பிளக்கின் தளர்ந்த பித்தளைக் காதுகள் அதைத் தாங்குவதில்லை. விடிவதற்குள் பிளாஸ்டிக் உருகிக் கரி பிடித்துவிடுகிறது. மின்சாரக் கார் வைத்திருப்போருக்கு ஷெட்டில் தனி மெயின், தனி எம்.சி.பி., கனத்த கேபிள், வாரியத்தில் முறையாக லோடு உயர்த்திய உத்தரவு, இவ்வளவும் வேண்டும்.

வேறு சிலர் ஷெட்டிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு, நாலைந்து தையல் மெஷின் போட்டு, ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கிறார்கள். எத்தனையோ பெண்களுக்குச் சோறு போடுகிற தொழில். அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வீட்டு உபயோகத்துக்கென்று 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகக் கிடைக்கிற அதே சர்வீஸிலிருந்து தொழிலுக்கு லைன் இழுப்பது சட்டப்படி குற்றம். தொழிலுக்குத் தனி சர்வீஸ் கேட்டு வாங்கிக்கொள்வதே மரியாதை. தனி மீட்டர் வந்தால் தனிப் பாதுகாப்பும் கூடவே வந்துவிடும்.

தோட்டத்து வேலியைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கங்களில் ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து யானை இறங்குகிறது. காட்டுப்பன்றி எங்கும் உண்டு. பயிரைப் பறிகொடுத்தவனுடைய வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆயினும் தோட்டத்து லைனை வேலிக்கம்பியில் கொடுத்துவிடச் சொல்லி என்னிடம் வந்தவர்களை நான் ஒருபோதும் உட்காரச் சொன்னதில்லை. அந்தக் கம்பியில் விழுவது பன்றி மட்டுமன்று. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்து நிலத்துக்காரனும், சில சமயம் வேலி போட்டவனுடைய சொந்தப் பிள்ளையுமே விழுந்திருக்கிறார்கள். பாட்டரியிலிருந்து விட்டுவிட்டு, நொடியின் மிகச் சிறு பகுதியளவே துடிப்பை அனுப்புகிற வேலிக் கருவி வேறு. அதற்கும் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். தெருக் கம்பத்து மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமானம்.

மின்வெட்டுக் காலத்தில் ஷெட்டில் வாங்கிவைத்த ஜெனரேட்டர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரால் அதை வீட்டுப் பிளக்கில் சொருகி ஓட்டுகிறவர்கள், அந்த மின்சாரம் மீட்டர் வழியே திரும்பிப் போய் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லக்கூடும் என்பதை அறிவார்களா? சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றைப் போட்டால் இந்த அபாயம் அறவே இல்லை.

லைசென்ஸ் பெற்றவரே மின்சார வேலை செய்யலாம் என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆவது விதியிலிருந்தே உள்ள ஏற்பாடு. ஷெட்டுக்கும் தோட்டத்துக்கும் அதில் விலக்குக் கிடையாது. இதை வாசிக்கிற கிரகஸ்தர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். இந்த ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒரு பகல் பொழுதில், உங்கள் வீட்டிலிருந்து கொல்லைக்குப் போகிற கம்பி எந்த வழியாகப் போகிறது என்று கடைசி வரை நடந்து பாருங்கள். அதை ஒட்டிக் கொடிக்கம்பி இருந்தால் அன்றைக்கே அவிழ்த்து, நைலான் கயிறு கட்டுங்கள். கசிவுக் கருவி இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லையானால் உடனே மாற்றுங்கள். கருவியே இல்லையென்றால், லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரை அழைத்து, வீட்டுக்குள் வேறெந்த வேலை பாக்கி இருந்தாலும் அதைத் தள்ளிவைத்து, இதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.